பத்து வருஷம் மீன் வளர்த்த விஞ்ஞானி

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஆனால் தயவுசெய்து பம்பு, வால்வு பற்றி மட்டும் எழுதாதே என்று கேட்டுக்கொண்டார்கள். நியாயம்தான். இயந்திரவியல் படித்து, பதினைந்து வருஷமாகக் குழாயும் தண்ணீருமாகவே காலம் தள்ளுகிற எனக்கு வேறு என்ன தெரியும் என்று யோசித்தேன். அப்போது ஞாபகத்துக்கு வந்தவர்தான் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். உயிரியல் விஞ்ஞானி. அமெரிக்காவில் வாழ்ந்து 1984-ல் மறைந்தவர். உயிரியல் படித்தவர்கள் மத்தியில் பெரிய பெயர். நம்மைப் போன்ற எஞ்சினியர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்கும் ஆறு வருஷத்துக்கு முன்னால்வரை தெரியாது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், நம் விடுதியின் இரண்டாவது மாடியில் இருந்த அந்த மீன்தொட்டியை ஞாபகப்படுத்த வேண்டும். எங்கள் அறை நண்பன் கடையில் வாங்கி வந்த சின்னஞ்சிறு மீன்கள் ஆறு. விரல் நீளம்கூட இல்லை. வெள்ளி உடம்பில் நீளவாக்கில் நீலக் கோடுகள். கடைக்காரர் ஜீப்ரா என்று சொல்லித்தான் கொடுத்தார். கலர் மீன் கடைகளில் இருப்பதிலேயே விலை குறைந்த மீன் அதுதான். செத்தாலும் பரவாயில்லை என்று புதுசாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். ஒருநாள் காலை தொட்டி அடியில் பொடிப்பொடியாக முட்டைகள் கிடந்தன. நாங்கள் கிளாஸுக்குப் போய்விட்டு வருவதற்குள் அந்த மீன்களே முட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டன. அத்தோடு எங்கள் மீன் ஆராய்ச்சி முடிந்தது.

அதே மீனை வைத்து ஒரு மனிதர் மருத்துவ உலகத்தையே திருப்பிப் போட்டிருக்கிறார் என்பது, என் பையன் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறந்த மூன்றாம் நாள் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை. சிறிய ஓட்டைகள் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், கவனித்துக்கொண்டே வரலாம் என்றார். கேட்பதற்கு ஆறுதலான வார்த்தைதான். ஆனால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தியா என்று பாட்டி கேட்டார். நான் என்ன சாப்பிட்டேன், எந்த மாத்திரை போட்டேன் என்று என் மனைவி தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். எனக்கு எஞ்சினியர் புத்தி. ஒரு பாகம் சரியாக வரவில்லை என்றால், அது எந்தக் கட்டத்தில், எந்த இடத்தில் தவறியது என்று வரைபடத்தை எடுத்துப் பார்க்கத்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு துளி செல்லிலிருந்து இதயம் எப்படி உருவாகிறது என்று தேட ஆரம்பித்தேன். எங்கே தேடினாலும் கடைசியில் அந்த நீலக் கோடு மீனிடமே போய் நின்றது. மீனிடம் போனால் ஸ்ட்ரைசிங்கரிடம் போய் நின்றது.

புடாபெஸ்டிலிருந்து நியூயார்க்

ஸ்ட்ரைசிங்கர் 1927 டிசம்பர் 27-ஆம் தேதி ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1930-களின் பிற்பாதியில் நாஜிகளின் நிழல் ஐரோப்பா முழுவதும் படிய ஆரம்பித்தபோது, குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பி நியூயார்க் வந்து சேர்ந்தது. புது ஊர், புது பாஷை. அதிலும் பையன் சளைக்கவில்லை. பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1944-ல் வெளியே வந்தார்.

அதே 1944-ஆம் வருஷம், தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி என்ற புகழ்பெற்ற மரபியல் அறிஞரோடு சேர்ந்து, பழ ஈக்களின் இனக்கலப்பு பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரையில் இந்தப் பையனின் பெயரும் வந்தது. வயசு பதினாறு! நாமெல்லாம் பதினாறு வயசில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

1950-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம். பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சால்வடோர் லூரியாவிடம் ஆராய்ச்சி செய்து 1953-ல் டாக்டர் பட்டம். அங்கிருந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மாக்ஸ் டெல்புரூக்கிடம் மேல் ஆய்வு. லூரியா, டெல்புரூக் இருவருமே பின்னால் 1969-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கூட்டத்தார் எல்லாரும் பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ்களை வைத்துத்தான் மரபணுவின் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர்.

ஸ்ட்ரைசிங்கர் அந்தத் துறையில் சும்மா வந்து போனவர் இல்லை. டி4 என்ற ஃபேஜின் மரபணு வரைபடம் நேர்கோடாக இல்லாமல் வட்டமாக வருகிறது என்று 1964-ல் சகாக்களோடு சேர்ந்து காட்டினார். 1966-ல் இன்னும் பெரிய காரியம். மரபுச் செய்தி மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. நடுவில் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் குளறுபடியாகிவிடும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருகிற இடங்களில், நகல் எடுக்கும்போது இழை வழுக்கி, எண்ணிக்கை தப்பிவிடுகிறது என்று அவர் குழு விளக்கம் கொடுத்தது. திருகாணி மரை வழுக்குகிற மாதிரி. பல பரம்பரை நோய்களில் இதே மாதிரி வழுக்கல்தான் நடக்கிறது என்று பிற்பாடு தெரியவந்தது.

இதற்கிடையில் 1960-லேயே அவர் ஆரெகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரில் உள்ள ஆரெகன் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். பெரிய பெயர் எடுத்த பல்கலைக்கழகங்கள் எல்லாம் இருக்க, மேற்குக் கோடியில் காடும் மழையுமான ஊர். புதிதாக ஆரம்பித்திருந்த மூலக்கூறு உயிரியல் நிறுவனத்தில் வேலை. கடைசிவரை அந்த ஊரைவிட்டு அவர் போகவில்லை. அவருடைய மனைவி லோட்டி மண்பாண்டக் கலைஞர். உள்ளூர்க் கைவினைஞர்கள் தங்கள் பொருளைத் தாங்களே விற்க ஓர் இடம் வேண்டும் என்று 1970-ல் அந்த ஊரில் சனிக்கிழமைச் சந்தையை ஆரம்பித்து வைத்தவர் அந்த அம்மாள்தான். கணவரும் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்துக் குரல் கொடுத்தவர். ஆய்வுக்கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த குடும்பம் இல்லை.

நல்ல வேலையை விட்டுவிட்டு மீனா?

1960-களின் கடைசியில் ஃபேஜ் ஆராய்ச்சியில் அவருக்கு நல்ல பெயர், நல்ல நிலை. அப்படியே தொடர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனசு வேறு கேள்விக்குப் போய்விட்டது. மூளையும் நரம்பும் எப்படி உருவாகின்றன? எந்த மரபணு எந்த நரம்பைக் கட்டுகிறது? வைரஸுக்கு மூளை கிடையாது. பழ ஈக்கு மூளை உண்டு, ஆனால் முதுகெலும்பு கிடையாது. எலிக்கு எல்லாம் உண்டு, ஆனால் குட்டி தாயின் வயிற்றுக்குள் வளர்கிறது, உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது. அதிலும் மரபியல் செய்ய ஆயிரக்கணக்கில் வேண்டுமே, அத்தனை எலி வளர்க்க யாரிடம் இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது?

அப்போதுதான் கலர் மீன் கடையில் கிடைக்கிற இந்த ஜீப்ரா மீன் அவர் கண்ணில் பட்டது. இது நம் நாட்டு மீன் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். கங்கையிலும் அதன் கிளை நதிகளிலும் உள்ள மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் 1822-ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் இது முதலில் அறிவியல் பெயர் பெற்றது. வாய்க்காலிலும் வயல் தண்ணீரிலும் நீந்துகிற மீன். இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு ஜோடி ஒரு தடவையில் நூறு, இருநூறு முட்டை போடும். முட்டை தாயின் உடம்புக்கு வெளியே கருத்தரிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கரு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலே ஒவ்வொரு செல்லும் தெரியும்.

முட்டையை மீனே தின்றுவிடுகிற பிரச்சினைக்கும் இந்த மீனை வளர்க்கிற ஆய்வுக்கூடங்களில் ஒரு வழி உண்டு. தொட்டி அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைத்தால் முட்டை இடுக்கில் இறங்கிவிடும், மீன் வாய்க்கு எட்டாது. இந்த விஷயம் விடுதியில் எங்களுக்குத் தெரிந்திருந்தால் எங்கள் சரித்திரமே வேறு!

சுமார் 1970-லிருந்து அவர் மீன் வளர்க்க ஆரம்பித்தார். முதல் முக்கியமான கட்டுரை வெளிவந்தது 1981-ல். நடுவில் கிட்டத்தட்ட பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் மீனைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை. வருஷத்துக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பார்க்கிற உலகத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது, மாசக் கடைசியில் ரிப்போர்ட் கொடுத்துப் பழகிய நமக்குத் தெரியும். அந்த வருஷங்களில் அவர் செய்ததெல்லாம் அஸ்திவார வேலை. எப்படி மீனை ஆரோக்கியமாக வளர்ப்பது, கடை மீனில் ஒளிந்திருக்கிற கெட்ட மரபணுக்களை எப்படிக் களைவது, முட்டையையும் விந்தையும் தனித்தனியாக எடுத்து எப்படிச் சேர்ப்பது. ஒவ்வொன்றையும் தானும் சகாக்களுமாகப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஸ்டேண்ட்பை பம்பை நிறுத்திப் பார்த்தவர்

அவருடைய முக்கியமான யுக்தியை நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு பம்ப் ஹவுஸில் இரண்டு பம்பு இருக்கும். ஒன்று ஓடும், ஒன்று ஸ்டேண்ட்பை. ஒன்று பழுதானாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவருக்குப் பழுது தெரியாது. உயிரினங்களிலும் அப்படித்தான். ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். அதனால் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், இரண்டு பிரதியும் கெட்ட கரு வேண்டும். சாதாரண முறையில் அதற்குப் பல தலைமுறை கலப்பு செய்ய வேண்டும்.

ஸ்ட்ரைசிங்கர் குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஆண் மீனின் விந்தைப் புற ஊதாக் கதிரில் காட்டி அதில் உள்ள டி.என்.ஏ.வைப் பாழாக்கினார்கள். அந்த விந்து முட்டையைத் தட்டி எழுப்பும், ஆனால் தன் பங்கு மரபணு எதையும் கொடுக்காது. கரு அம்மாவின் ஒற்றைப் பிரதியோடு மட்டும் வளரும். ஸ்டேண்ட்பை இல்லாத பம்ப் ஹவுஸ்! அந்தக் கரு சில நாள்தான் உயிரோடிருக்கும். ஆனால் அதற்குள் அடிப்படை உறுப்புகள் எல்லாம் தெரிந்துவிடும். பழுது இருந்தால் அப்பட்டமாக வெளியே வந்துவிடும்.

அடுத்த படி இன்னும் அழகு. அந்த ஒற்றைப் பிரதி முட்டையை, சரியான நிமிஷத்தில், 41 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீரில் 2 நிமிஷம் வைத்தார்கள். செல் இரண்டாகப் பிரியப்போகிற சமயம் அது. உள்ளே குரோமோசோம்கள் இரட்டிப்பாகிவிட்டன, ஆனால் சூடு பட்டதால் செல் பிரியவில்லை. ஆக ஒரே பிரதியின் இரண்டு நகல்கள் ஒரே செல்லில் நின்றுவிடும். அது வளர்ந்து முழு மீனாகும். அந்தப் பெண் மீனின் முட்டைகளை மறுபடியும் இதே முறையில் வளர்த்தால், வருகிற அத்தனை மீனும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்கும். அப்பா பங்கு உண்மையிலேயே வரவில்லையா என்று பார்க்கவும் ஒரு எளிய சோதனை வைத்திருந்தார். கோடுகள் வெளிறிப்போன பொன்னிற மீனைத் தாயாக வைத்து, சாதாரண மீனின் விந்தை உபயோகித்தார். அப்பா பங்கு துளி வந்திருந்தாலும் குஞ்சின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் வெளிறித்தான் பிறந்தன. இன்ஸ்பெக்ஷனில் இதைவிட நல்ல கேஜ் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் 1981-ல் நேச்சர் பத்திரிகையில் வெளிவந்தது. முதுகெலும்புள்ள உயிரினத்தில் இப்படி நகல் வரிசையை உருவாக்கி மரபியலுக்கு வழி திறந்தது பெரிய பரபரப்பானது. கட்டுரையில் அவர் பெயருக்கு அடுத்து வரும் பெயர் ஷார்லீன் வாக்கர் என்ற அம்மையாருடையது. அந்த ஆய்வுக்கூடத்தின் மீன்களோடு அன்றாடம் மல்லுக்கட்டியவர். அவரைப் பற்றிக் கடைசியில் மறுபடியும் சொல்கிறேன்.

1984

வழி திறந்தாயிற்று. இனி அறுவடைதான் பாக்கி என்கிற நேரம். நரம்பு செல்கள் கருவிலேயே மடிந்துபோகிற ஒரு மாற்றம் உட்பட, முதல் பழுதுகள் சில கைக்கு வந்திருந்தன. 1984 ஆகஸ்டில், மூழ்கு நீச்சலின்போது மாரடைப்பு ஏற்பட்டு ஸ்ட்ரைசிங்கர் இறந்துபோனார். வயசு 56.

இந்த இடத்தில் நான் படிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். பத்து வருஷம் அஸ்திவாரம் தோண்டியவர் சுவர் எழும்புவதைப் பார்க்கவில்லை. உலகத்தில் அப்போது இந்த மீனை நம்பி மரபியல் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தக் கூடம் அத்தோடு மூடிப்போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மூடவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் கிம்மல், மான்டி வெஸ்டர்ஃபீல்ட், ஜூடித் ஐசன் போன்றவர்கள் அதைத் தங்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பாதியில் நின்ற வேலைகளை முடித்து, 1986, 1988, 1989 ஆகிய வருஷங்களில் அவர் பெயரையும் சேர்த்தே கட்டுரை வெளியிட்டார்கள். மீன் வளர்ப்பிலிருந்து கரு ஆராய்ச்சிவரை தெரிந்ததையெல்லாம் வெஸ்டர்ஃபீல்ட் ஒரு கையேடாகத் தொகுத்தார். மீனைக் கேட்டவர்களுக்கு மீன், முறையைக் கேட்டவர்களுக்கு முறை. ஒளித்து வைப்பது ஸ்ட்ரைசிங்கரின் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

மீன் சொன்ன கதை

அப்படி எதைத்தான் கண்டுபிடித்தார்கள்? ஒரு கருவின் முதல் நாளைச் சொன்னால் போதும்.

முட்டையில் பெரிய மஞ்சள் கரு உருண்டை. அதன் தலையில் ஒரே ஒரு செல். முக்கால் மணி நேரத்தில் அது இரண்டாகும். அப்புறம் கால் மணிக்கு ஒருதடவை நான்கு, எட்டு, பதினாறு என்று பெருகும். மூன்று மணி நேரத்தில் சுமார் ஆயிரம் செல். அதுவரை எல்லாம் அம்மா முட்டையில் வைத்துக் கொடுத்த சரக்கை வைத்துத்தான் நடக்கிறது. அதற்கப்புறம்தான் கருவின் சொந்த மரபணுக்கள் முழு வேகத்தில் வேலையை ஆரம்பிக்கின்றன.

பிறகு செல்கள் குல்லாயை இழுத்து மாட்டுகிற மாதிரி மஞ்சள் கருவின் மேல் பரவி இறங்குகின்றன. ஆறு மணி நேரத்தில் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் தடிப்பாகும். அந்தப் பக்கம்தான் முதுகு. விளிம்பில் உள்ள செல்கள் உள்ளே மடங்கிப் போகின்றன. உள்ளே போனவை தசை, எலும்பு, இரத்தம், இதயம், குடல் ஆகின்றன. வெளியே நின்றவை தோலும் நரம்பும் ஆகின்றன.

எந்த செல்லுக்கு எந்த வேலை என்று யார் சொல்வது? மேஸ்திரி என்று ஒருவர் கிடையாது. பக்கத்து செல்கள் விடுகிற சிக்னல் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் உத்தரவு. விளிம்பிலிருந்து நோடல் என்ற சிக்னல் கிளம்புகிறது. அது அதிகம் கிடைத்த செல் குடல் பக்கம் போகும், குறைவாகக் கிடைத்தது தசை பக்கம் போகும். நோடல் வகையைச் சேர்ந்த இரண்டு மரபணுக்களும் கெட்டுப்போனால், தலையிலும் நடு உடம்பிலும் அந்த உள் அடுக்குகளே உருவாவதில்லை என்று 1998-ல் தெரிந்தது. அந்த இரண்டில் ஒன்று பழுதான மீனை ஆரெகன் குழு 1991-லேயே அறிவித்திருந்தது. இரண்டு கண்ணும் ஒன்றாகச் சேர்ந்துபோன மீன். ஒற்றைக்கண் ராட்சசன் பெயரில் சைக்ளோப்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு சிக்னலுக்கு பி.எம்.பி. என்று பெயர். அது வயிற்றுப் பக்கத்தை உண்டாக்கும். முதுகுப் பக்கத் தடிப்பிலிருந்து கார்டின் என்ற புரதம் வந்து அதைத் தடுக்கும். அந்தத் தடுப்பு இருக்கும் இடத்தில் நரம்பு மண்டலம் உருவாகும். பி.எம்.பி. கெட்டால் உடம்பெல்லாம் முதுகாகிவிடும், கார்டின் கெட்டால் வயிற்றுப் பக்கம் வீங்கிப்போகும். இரண்டையும் 1997-ல் மீனிலேயே காட்டினார்கள். ஒரு பக்கம் வால்வைத் திறப்பது, மறுபக்கம் மூடுவது. இரண்டும் சேர்ந்தால்தான் சரியான அழுத்தம். நம்ம சப்ஜெக்ட்தான்!

ஒரு நாள் முடிவதற்குள் முதுகுத்தண்டின் இருபுறமும் அரை மணிக்கு ஒரு ஜோடி என்று கடிகாரம் மாதிரி தசைக் கட்டுகள் வரிசையாக வந்துவிடும். 24 மணி நேரத்தில் இதயம் துடிக்க ஆரம்பிக்கும். கண்ணாடி உடம்புக்குள் அது துடிப்பதைப் பார்க்கலாம்.

1990-களில் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவும், அமெரிக்காவின் பாஸ்டனில் வேறு குழுவும் பெரிய அளவில் பழுது தேடலில் இறங்கின. 1996 டிசம்பரில் ஒரே இதழில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களை விவரித்து 37 கட்டுரைகள் வந்தன. 2013-ல் மீனின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் ஜோடி இருப்பது தெரிந்தது. அந்த மலிவு விலை ஜீப்ராவும் நாமும் அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

இதயத்தில் ஓட்டை

என் கேள்விக்கு வருகிறேன். மீன் இதயத்தில் இரண்டே அறை. எங்கள் பையனுக்கு ஓட்டை இருந்த அந்த நடுச்சுவர் மீனுக்குக் கிடையவே கிடையாது. அதனால் மீன் எனக்கு நேரடியாகப் பதில் சொல்லாது. ஆனால் வேறு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. இதயம் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு செல் கூட்டமாகத்தான் ஆரம்பிக்கிறது. இரண்டும் நகர்ந்து நடுவில் வந்து ஒன்றாகச் சேர வேண்டும். அதற்கான சிக்னலை வாங்குகிற ஒரு மரபணு கெட்டால், இரண்டும் சேராமல் தனித்தனியாக நின்று துடிக்கும் என்று 2000-ல் கண்டார்கள். மனிதர்களில் டிபிஎக்ஸ்5 என்ற மரபணு கெட்டால் கை எலும்பும் இதயச் சுவரும் சேர்ந்து பாதிக்கும். அதே மரபணு கெட்ட மீனுக்கு முன் துடுப்பு வராது, இதயமும் சரியாக வளையாது என்று 2002-ல் காட்டினார்கள். இதயம் ஓடாவிட்டாலும் மீன் கரு சில நாள் தண்ணீரிலிருந்தே பிராணவாயு எடுத்துப் பிழைத்திருக்கும். அதனால்தான் இதையெல்லாம் பார்க்க முடிகிறது.

மனிதக் கருவில் அந்த நடுச்சுவர் ஏழு, எட்டு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அத்தனை செல், அத்தனை சிக்னல், அத்தனை நிமிஷக் கணக்கு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை விரல் நீட்டிக் காட்ட முடிவதில்லை. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருநாள் ராத்திரி, மீன் கருவின் இதயம் துடிக்கிற படத்தை என் மனைவிக்குப் போட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். இவ்வளவு வேலையும் நாம தூங்கிட்டிருக்கும்போதே நடந்து முடிஞ்சிருக்கு என்றாள். அதற்கப்புறம் என்ன சாப்பிட்டேன் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. பாட்டி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை!

பையனுக்கு இரண்டு வயசு முடிவதற்குள் ஓட்டை தானாக மூடிவிட்டது. டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. இப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. ஆறு ஜீப்ரா. அடியில் கோலிக்குண்டு.

பொன்னிற மீனின் கடைசிப் பாடம்

அப்பா பங்கைச் சோதிக்க ஸ்ட்ரைசிங்கர் உபயோகித்தாரே, அந்த வெளிறிய பொன்னிற மீன், அதற்கு ஒரு பின்கதை உண்டு. அதில் கெட்டுப்போயிருந்த மரபணு எது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களிடமும் அதே மரபணு இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான் ஐரோப்பியர்களின் வெளுத்த தோலுக்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வித்தியாசம் நம் நாட்டு மக்கள் பலரிடமும் உண்டு. கலரைப் பார்த்துப் பெண் பார்க்கிற நம் ஊர்ப் பெருமையெல்லாம் கடைசியில் ஒரு மீன் தொட்டியில் வந்து முடிகிறது. இனவெறிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த ஒரு குடும்பத்துப் பையன், வெறும் சோதனைக் குறியாக வைத்திருந்த மீன் இது என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆரெகன் பல்கலைக்கழகத்தில் இன்று அவர் பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆய்வாளர்களுக்கு ஜீப்ரா மீன் வழங்குகிற சர்வதேச மையமும் அதே யூஜீன் ஊரில்தான் இருக்கிறது.

ஷார்லீன் வாக்கர் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1981 கட்டுரையில் இருந்த அவர் பெயர், ஸ்ட்ரைசிங்கர் இறந்து ஏழு வருஷம் கழித்து வந்த அந்த ஒற்றைக்கண் மீன் கட்டுரையிலும் இருக்கிறது. தலைவர் போன பிறகும் தொட்டிகள் காயாமல் பார்த்துக்கொண்ட கைகளில் ஒன்று அது. இதைப் படித்தபோது எனக்கு நம் பட்டறையில் லேத் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது. எத்தனை முதல்வர்கள், எத்தனை துறைத்தலைவர்கள் மாறினார்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் டூல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அதே பொறுமையோடு கையைப் பிடித்துக் காட்டியவர் அவர். எந்த மலரிலும் அவர் படம் வந்ததில்லை.

இந்தச் சந்திப்புக்கு அவரையும் அழைத்து மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். சால்வை நான் வாங்கி வருகிறேன்.

– இயந்திரவியல், 2010 பேட்ச்